சித்திரை முதல் பங்குனி வரை: மதுரையில் வரப்போகிற நிகழ்ச்சிகளை ஒரே இடத்தில் சேர்ப்போம்

சிம்மக்கல்வாசி:
பங்குனி முடியப்போகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு முகூர்த்தக்கால் நட்டாயிற்று. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மதுரையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் கவலைப்படுவது மற்றவற்றைப் பற்றி. நூலகத்தில் ஒரு நல்ல சொற்பொழிவு, பசுமலை அரசு இசைக் கல்லூரியில் மாணவர் கச்சேரி, அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு என்று ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் மறுநாள் பேப்பரில் படம் வந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. இருநூறு நாற்காலி போட்ட கூட்டத்தில் முன் இரண்டு வரிசையோடு சரி. பேச வந்தவர் வருத்தத்தை வெளியே காட்டாமல் பேசிவிட்டுப் போகிறார்.

அதனால் இந்த இழை. என்ன நிகழ்ச்சி, எந்த இடம், தேதியை அறிவிப்பது யார், வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாமா என்று எழுதுங்கள். தேதி உறுதியாகாவிட்டால் மாதம் மட்டும் போதும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற தேதியை இங்கே ஒட்ட வேண்டாம்.

புதூர்க்காரி:
நல்ல காரியம் அண்ணே. சித்திரையில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக வரிசை சொல்லிவிடுகிறேன். கொடியேற்றத்தில் இருந்து எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேர். தேர் நான்கு மாசி வீதிகளையும் சுற்றும். பெரிய தேரில் சுவாமியும் பிரியாவிடை அம்மனும், சின்னத் தேரில் மீனாட்சி அம்மன். திருக்கல்யாணத்துக்குச் சமீப வருடங்களில் 500, 200 ரூபாய்ச் சீட்டை அறநிலையத்துறை இணையத்தில் கொடுக்கிறது. சீட்டில்லாதவர்களைத் தெற்குக் கோபுரம் வழியாக விடுகிறார்கள். உள்ளே போக முடியாவிட்டால் பரவாயில்லை, ஆடி, சித்திரை வீதிகளில் திரை வைக்கிறார்கள். அந்த முகூர்த்த நேரத்தில் சுமங்கலிகள் நின்ற இடத்திலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொள்வதைப் பார்ப்பதே ஒரு தரிசனம். சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து நடக்கும். மொய் எழுதவும் செய்யலாம்.

அழகர் பக்கம் எங்கள் ஏரியா. அழகர்மலையில் இருந்து இறங்கி கள்ளந்திரி, அப்பன்திருப்பதி வழியாக வந்து மூன்றுமாவடியில் எதிர்சேவை, அதாவது சனம் எதிர்கொண்டு வரவேற்பது. அப்புறம் புதூர், ரிசர்வ் லைன், தல்லாகுளம் பெருமாள் கோயில். மறுநாள் விடியலில் ஆற்றில் இறங்குகிறார்.

நெசவாளிமகன்_செல்லூர்:
அக்கா, ஆறு பற்றி எழுதும்போது ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். கைக்குழந்தையையும் நடக்க முடியாத பெரியவர்களையும் ஆற்றுக்குள் கூட்டி வராதீர்கள். 2022இல் நெரிசலில் உயிர் போனதை யாரும் மறக்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடம் கொரோனாவால் ஆற்றுப் பக்கமே போகவில்லை என்பதால் அந்த வருடம் சனம் கட்டுக்கடங்காமல் வந்தது. நாங்கள் வடகரையில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர்கள். ஒவ்வொரு வருடமும் பிள்ளையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு பந்தலுக்கு வருகிற தாய்மாரைப் பார்க்கிறோம். மைக்கில் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிடும்.

தல்லாகுளத்தான்:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூட்டி வராதீர்கள் என்று ஒரேயடியாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இருட்டு விலகுகிற நேரம், தங்கக்குதிரை தண்ணீரில் கால் வைக்கும்போது "கோவிந்தா" என்று எழும்புகிற குரல் இருக்கிறதே, அதை ஒரு பிள்ளை தன் தகப்பன் தோளில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் அப்படித்தான் கேட்டேன். என் மகனும் அப்படித்தான் கேட்டான். டிவியில் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அழகர் ஒரு நிகழ்ச்சியாகத்தான் இருப்பார்.

நெசவாளிமகன்_செல்லூர்:
ஐயா, உங்கள் காலத்து ஆறு அகலமாகக் கிடந்தது. இப்போது இரண்டு கரையிலும் சுவர் எழுப்பி ரோடு போட்டாயிற்று. உள்ளே வந்த கூட்டம் வெளியேற வழி குறைவு. பிள்ளை அழகரைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆற்றில்தான் பார்க்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

புதூர்க்காரி:
இரண்டு பேர் சொல்வதும் நடக்க வழி இருக்கிறது. அழகர் ஒருநாள் வந்துவிட்டுப் போகிற சாமி இல்லை. மலையில் இருந்து இறங்கித் திரும்பப் போய்ச் சேரும் வரை நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில், அதாவது வழியில் சாமியை நிறுத்திப் பூஜை செய்கிற மண்டபங்களில், நின்று நின்றுதான் போகிறார். எங்கள் தெருமுனை மண்டகப்படியிலேயே மாமியாருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் தரிசனம் பண்ணிவைக்கிறேன்.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன், தெரியாதவர்களுக்குப் பயன்படும். பித்தளைச் செம்பில் நாட்டுச் சர்க்கரையைத் தலை தட்டி நிரப்பி, வாழை இலையால் வாயை மூடி, அதன்மேல் சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவோம். முதல் நாளே செம்பைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட வேண்டும். அன்றைக்குக் காலையில் நேரம் இருக்காது. காட்டி முடித்ததும் அந்தச் சர்க்கரையை இலையோடு பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம்.

ஆற்றில் இறங்கிய பிறகும் நிறைய இருக்கிறது. ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி. அங்கேதான் வேண்டுதல்காரர்கள் ஆட்டுத்தோல் துருத்தியில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவது. உயர் அழுத்த மோட்டார் வைத்து அடிப்பதற்குத் தடை இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். இரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயில். மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம். அன்று இரவு திரும்ப ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். பிள்ளைகளைக் கூட்டிப்போக அதுதான் சரியான ராத்திரி. ஒவ்வொரு அவதாரமாக அலங்காரம் மாறிக்கொண்டே வரும். நடுவில் தூங்கினாலும் எழுப்பிக் காட்டலாம். கடைசியில் தல்லாகுளம் சேதுபதி மண்டபத்தில் இருந்து பூப்பல்லக்கு.

தல்லாகுளத்தான்:
தசாவதாரம் சொன்னீர்கள் பாருங்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். பேத்தியை இந்த வருடம் அங்கேதான் கூட்டிப்போகப் போகிறேன்.

படிப்பாளி_வில்லாபுரம்:
திருவிழாவோடு நிற்காமல் படிப்புப் பக்கமும் வாருங்கள் அண்ணன்களே, அக்காக்களே. நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன். புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறந்தது. 2.13 லட்சம் சதுர அடி. அங்கே போட்டித் தேர்வுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, குழந்தைகள் பகுதி தனியாக இருக்கிறது. கூட்டம் நடத்த அரங்கமும் இருக்கிறது. வெளியில் எத்தனை பேருக்கு இது முழுசாகத் தெரியும்? என்னுடன் படிக்கிற நண்பன் மாதம் பணம் கட்டி வேறு இடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். இங்கே உட்கார்ந்து படிக்கக் காசு வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வந்தான்.

அதேபோல புதூரில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்துகிறார்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வு அறிவிப்பு வரும்போதெல்லாம் இலவச வகுப்புக்குச் செய்திக்குறிப்பு கொடுப்பார்கள். பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரியில் வரும். அதைப் பார்க்கத் தவறினால் போச்சு. யாராவது பார்த்தால் அன்றைக்கே இங்கே போடுங்கள். கிராமத்தில் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்த நாலு வரி பெரிய விஷயம்.

சிம்மக்கல்வாசி:
தம்பி, இதைத்தான் எதிர்பார்த்தேன். எங்கள் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தையும் சேர்த்துக்கொள். புத்தகக் கடன் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக உறுப்பினராக அங்கே சேரலாம். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் வருகிறது. அன்றைக்கு நூலகங்களில் புது உறுப்பினர் சேர்க்கை, பேச்சு என்று ஏதாவது இருக்கும். அறிவிப்புப் பலகையை நான் போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

தெப்பக்குளம்_தென்கரை:
மீனாட்சி கோயில் நடை விஷயம் ஒன்று. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து ஏமாந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்கவில்லை. வருடத்தில் சில நாள் அம்மனும் சுவாமியும் கோயிலை விட்டு வெளியே போய்விடுவார்கள். அன்றைக்கு நடை சாத்திவிடுவார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை. சுவாமி ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்வார். திருவாதவூரில் இருந்து மாணிக்கவாசகரும் திருப்பரங்குன்றத்தில் இருந்து முருகனும் வருவார்கள். இன்னொன்று, தை மாதப் பௌர்ணமித் தெப்பம். அன்றைக்கு அம்மனும் சுவாமியும் எங்கள் தெப்பக்குளத்தில்தான். காலையில் இரண்டு சுற்று, இரவில் ஒரு சுற்று. கரையில் நின்று வடம் பிடித்துத்தான் தெப்பத்தை இழுப்பார்கள்.

திருமலை நாயக்கர் 1645 வாக்கில் வெட்டிய குளம் இது. தண்ணீர் இல்லாமல் நிலைத்தெப்பமாக நடந்த வருடங்களை எங்கள் தெருவில் யாரும் மறக்க மாட்டோம். குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிய காலம் அது. வைகையில் இருந்து பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகுதான் தெப்பம் மிதக்கிறது. மாலையில் கரைச்சுவரில் உட்கார இடம் கிடைப்பதில்லை. அதனால் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தெப்பத்தன்று பிளாஸ்டிக் தட்டில் விளக்கேற்றிக் குளத்தில் விடாதீர்கள். மறுநாள் அள்ளுகிறவர்கள் நாங்கள்.

அலங்காநல்லூரான்:
தை என்றதும் வந்துவிட்டேன். தை 1 அவனியாபுரம், மாட்டுப்பொங்கல் அன்று பாலமேடு, மறுநாள் எங்கள் ஊர். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, முன்பதிவு. காளைக்கும் மாடுபிடி வீரருக்கும் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். பொங்கலுக்குச் சில நாள் முன்னால்தான் திறப்பார்கள், சீக்கிரமே மூடிவிடுவார்கள். 2025இல் ஒரு காளை இந்த மூன்று ஊரில் ஏதாவது ஒரு ஊர் வாடிவாசலில்தான் இறங்கலாம் என்று விதி போட்டார்கள். வீரருக்கும் அப்படியே.

எங்கள் பக்கத்தில் வருடம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் போட்டு, மண் குத்தப் பழக்கி, நீச்சல் அடிக்கவிட்டு மாடு வளர்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீட்டில் போன் பார்க்கத் தெரிந்த பையன் வெளியூர் வேலையில் இருந்தால், பதிவு திறந்ததே தெரியாமல் போய்விடுகிறது. டோக்கன் கிடைக்காத மாட்டைக் கயிறு பிடித்துத் திரும்ப வீட்டுக்கு நடத்திக்கொண்டு போகிற பெரியவர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஆகவே மார்கழி பிறந்ததும் இந்த இழையை மேலே கொண்டுவாருங்கள். நான் அன்றாடம் பார்த்துச் சொல்கிறேன். பதியத் தெரியாதவர்களுக்கு ஊரில் உட்கார்ந்து பதிந்துகொடுக்கவும் தயார்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கீழக்கரையில் 2024 ஜனவரி 24 அன்று ஏறுதழுவுதல் அரங்கம் திறந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் நெரிசல் இல்லாமல் உட்கார்ந்து பார்க்க அது நல்ல இடம். எங்கள் வாடிவாசல் முன்னால் நிற்பது வேறு அனுபவம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் முதல்முறை வருகிறவர்கள் அரங்கத்தில் ஆரம்பிக்கலாம்.

படிப்பாளி_வில்லாபுரம்:
அண்ணே, பதிவு திறக்கிற வாரம் சொல்லுங்கள், நானும் லேப்டாப்போடு வந்துவிடுகிறேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

அலங்காநல்லூரான்:
வா தம்பி. சாப்பாடு நம்ம வீட்டில்.

குன்றேறி:
மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை யாருமே எழுதவில்லையே. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் பரப்பை. ஏழு குன்றுகள், 250 வகைப் பறவைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, லகுலீசர் சிற்பம் இருக்கும் குடைவரைச் சிவன் கோயில். இத்தனையும் ஒரு காலை நேரத்தில் நடந்தே பார்க்கலாம். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து இந்த ஊர்கள் ஒன்றாக நின்றதும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் உங்களுக்கே தெரியும். அப்படிக் காத்துக்கொடுத்த இடத்தை நாம் போய்ப் பார்க்கவாவது வேண்டும்.

மரபு நடை என்றால் மதுரையில் பசுமை நடை பல வருடமாகச் செய்துவருகிற வேலை. அவர்கள் அறிவிப்பைப் பார்த்து அவர்களோடு போவது நல்லது. சும்மா ஏறினால் பாறை, எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரோடு ஏறினால் ஈராயிரம் வருடம். கீழக்குயில்குடி சமணமலையும் அப்படித்தான். அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேலே ஏறினால்தான் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்தும்.

சித்திரை, வைகாசியில் மட்டும் பாறைமேல் ஏற்பாடு செய்யாதீர்கள். பத்து மணிக்கெல்லாம் காலில் கொப்புளம் வந்துவிடும். பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் ஆவணிக்கு மேல் வையுங்கள். கோடை விடுமுறைக்குக் கீழடி சரி. 2023 மார்ச் 5 அன்று திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டியது, நிழல் உண்டு. மதுரையில் இருந்து 12 கிலோமீட்டர்தான். ஒரு பிள்ளையை அங்கே சுடுமண் உறைகிணறு முன்னால் நிறுத்தி, "இந்தத் தண்ணியைக் குடிச்சவங்க யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். பானை ஓட்டில் கீறியிருக்கும் பெயர்களைத் தானாகத் தேட ஆரம்பித்துவிடும்.

தறிநாடா:
காந்தி மியூசியத்தைச் சேருங்கள். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்தது. அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. ஜனவரி 30, அக்டோபர் 2 இரண்டு நாளும் நிகழ்ச்சி நிச்சயம். நான் கூடுதலாகக் கேட்பது செப்டம்பர் 22. 1921இல் அந்த நாளில்தான் மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி அரையாடைக்கு மாறினார். அந்த இடத்தில் இப்போது கதர் விற்பனை நிலையம் இருக்கிறது. மதுரைப் பள்ளிகள் அன்றைக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகளையாவது கூட்டிக்கொண்டு அங்கே போய் வரலாம். நடந்தே போகிற தூரம்தானே.

ராத்திரிநாடகம்:
என் பங்குக்கு நாடகம். பங்குனி பொங்கலில் ஆரம்பித்து வைகாசி, ஆனி வரை சுத்துப்பட்டுக் கிராமங்களில் ஸ்பெஷல் நாடகம் இல்லாத வாரம் கிடையாது. இதற்கு இணையத்தில் அறிவிப்பே வராது. சுவரொட்டிதான். மஞ்சள் தாளில் நடிகர்கள் படம் வட்டம் வட்டமாக இருக்கும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று பெயர் போட்டு, கீழே ஆர்மோனியம், மிருதங்கம் யார் என்பது வரை இருக்கும். ஊர்ப் பெயரைப் படித்துக்கொண்டு வண்டியை விட வேண்டியதுதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பம், விடிகிறபோது மங்களம்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அந்த வழியில் வருகிறவர்கள் இன்றைக்கும் ஒத்திகை இல்லாமல் மேடை ஏறுகிறார்கள். வள்ளியும் முருகனும் செய்கிற தர்க்கத்தைக் கேளுங்கள். பல நேரம் அன்றைக்குத்தான் இருவரும் ஒருவரை ஒருவர் மேடையில் சந்திக்கிறார்கள். ஆனாலும் கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு விழும். கூட்டம் முழுக்க ஐம்பது வயதுக்கு மேல் என்று ஆகிவருவதுதான் என் மனக்குறை. சுவரொட்டியைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். இளசுகள் ஒரு ராத்திரியாவது வந்து மண் தரையில் சாக்கு விரித்து உட்காருங்கள்.

புதூர்க்காரி:
பெண்கள் தனியாக வரலாமா அண்ணே?

ராத்திரிநாடகம்:
தாராளமாக வாருங்கள் அக்கா. முன் வரிசை முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும்தான். ஊர்ப் பெண்கள் பாயோடு முன்னாடியே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். திரும்புகிற பஸ்ஸைத்தான் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து வண்டி பேசிக்கொண்டு வருவது நல்லது.

சிம்மக்கல்வாசி:
முதல் பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். தமுக்கம் மைதானத்தையும் சேர்த்திருக்கிறேன். திருவிழாவை ஒட்டி அரசுப் பொருட்காட்சி, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் புத்தகத் திருவிழா. புத்தகத் திருவிழாவில் பத்து சதவீதம் தள்ளுபடி வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் பகலில் வருவதால் மாலையில் உரை கேட்கப் போகிறவர்கள் ஐந்து மணிக்குமேல் போனால் நடக்க இடம் இருக்கும். பொருட்காட்சியில் அரசுத் துறை அரங்குகளைத் தாண்டி ராட்டினத்துக்கு ஓடிவிடாதீர்கள். உதவித்தொகை, காப்பீடு விண்ணப்ப விவரமெல்லாம் அங்கே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இன்னும் தேவைப்படுவது கோடை வகுப்புகள். ஜவகர் சிறுவர் மன்றத்தில் பாட்டு, பரதம், ஓவியம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் விளையாட்டுப் பயிற்சி. இரண்டிலும் இந்த வருடச் சேர்க்கை எப்போது என்று நேரில் கேட்டுவர யாருக்காவது முடியுமா?

தறிநாடா:
ஸ்டேடியம் நான் தினமும் நடக்கப் போகிற இடம். திங்கட்கிழமை கேட்டு எழுதுகிறேன்.

புதூர்க்காரி:
சிறுவர் மன்றத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அழகரின் மண்டகப்படி நேரப் பட்டியல் நோட்டீஸ் கைக்கு வந்ததும் படம் எடுத்துப் போடுகிறேன். போன வருடப் பட்டியலை யாரும் பரப்பாதீர்கள், நேரம் மாறும்.

நெசவாளிமகன்_செல்லூர்:
எங்கள் பந்தல் இந்த வருடமும் உண்டு. மோர் ஊற்றவும், காணாமல்போன பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். முதல் நாள் ராத்திரியே வந்துவிட வேண்டும், விடிந்த பிறகு உள்ளே வர வழி இருக்காது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதிச் சட்டைப்பையில் வைத்து ஊக்கு குத்தி அனுப்புங்கள்.

படிப்பாளி_வில்லாபுரம்:
நானும் என் ரூம் நண்பர்கள் மூன்று பேரும் வருகிறோம் அண்ணே. ராத்திரி எத்தனை மணிக்கு, பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள்.

நெசவாளிமகன்_செல்லூர்:
பத்து மணிக்குள் வந்துவிடுங்கள் தம்பி. வைகை மேல் இருக்கும் ஏ.வி. பாலத்தின் வடக்கு முனையில் நிற்கிறேன்.